எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு: புஷ்பமாலாவுக்கு ஒரு சுவர் கொடுங்கள்

எழும்பூர் அரசு அருங்காட்சியக இயக்குநர் அவர்களுக்கும் கலைக்கூடப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா, ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை ஒரு படத்தொடர் செய்தார். தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள், அவர்களுடைய பழக்கவழக்கங்கள் என்பது அதன் தலைப்பு. அதை நீங்கள் காட்சிக்கு வைக்க வேண்டும். முடிந்தால் சில படங்களை வாங்கவும் வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

‘ஏன் நாங்கள்?’ என்று கேட்பீர்கள். எட்கர் தர்ஸ்டன் உங்கள் நாற்காலியில் 1885 முதல் 1908 வரை உட்கார்ந்திருந்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்டார். அதற்காக நீலகிரி வரை போய் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். உங்கள் வளாகத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட அவர் கருவிக்குத் தப்பவில்லை. இந்த வித்தையைக் காவல்துறையினருக்கும் கற்றுக்கொடுத்தார்.

புஷ்பமாலாவின் தொடரில், நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களில் ஒரு பெண் வருகிறாள். பத்தொன்பதாம் நூற்றாண்டு உடலளவைப் படங்களில் இருப்பதுபோல, கட்டம் போட்ட திரைக்கு முன் நிற்கிறாள். அவளாக நிற்பவர் புஷ்பமாலாவேதான். ரவி வர்மாவின் நிலவொளிப் பெண்ணாகவும், காலண்டர் லட்சுமியாகவும், வேளாங்கண்ணி மாதாவாகவும், செய்தித்தாளில் வந்த குற்றவாளியாகவும் நிற்பவர் அவர்தான். எழுபதுகளின் தமிழ்ப்பட ஸ்டில் ஒன்றிலிருந்து எழுந்து வந்து சாட்டையைச் சுழற்றுபவரும் அவரே! தெய்வம், திருடி, நடிகை, பழங்குடி என நாம் தனித்தனி அலமாரியில் பூட்டி வைத்த பெண்களை ஒரே முகத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். சிரிப்பு வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து, இந்தப் படங்களையெல்லாம் இத்தனை நாள் எப்படி நம்பினோம் என்று கூச்சமாகவும் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, இந்தத் தொடர் தன் திரைமறைவையும் காட்டிவிடுவதுதான். திரை எப்படிக் கட்டினார்கள், யார் வேடம் போட்டுவிட்டார்கள், விளக்கு எங்கே நின்றது என்பதெல்லாம் தனிப் படங்களாகவே இருக்கின்றன. தர்ஸ்டன் காலத்துப் படங்களில் கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களை நாம் பார்த்ததே இல்லை.

அவர் கலைவாழ்வை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பரோடாவில் சிற்பம் படித்தவர். சுடுமண்ணில் பெண்ணுருவங்கள் செய்து பெயர் வாங்கியவர். அப்படியே தொடர்ந்திருந்தால் விருதுக் குழுக்களுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் சிற்பத்திலிருந்து விலகித் தன் உடலையே பொருளாக எடுத்துக்கொண்டார். 1996–98இல் பம்பாய்த் தெருக்களில் முகமூடி போட்ட சாகசக்காரியாக நின்று, பழைய சண்டைப்பட நாயகி நாடியாவுக்கு வணக்கம் வைத்தார். ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழாவான கொச்சி பினாலேயில், 2014இல் தாடியோடு வாஸ்கோ ட காமாவானார். 2019இல் சென்னை போட்டோ பினாலேயின் கலை இயக்குநராக இருந்து, சேப்பாக்கம் செனட் இல்லத்தைப் படங்களால் நிறைத்தார். நம் ஊருக்கு அவர் அந்நியரில்லை.

இப்படிப்பட்டவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று அலுவலகங்கள் குழம்புவது எனக்குத் தெரியும். ஓவியம், சிற்பம் என்றால் லலித் கலா அகாதெமி. நாடகம், நடனம் என்றால் சங்கீத நாடக அகாதெமி. தானே வேடமிட்டு, அதைப் படமெடுத்து, அந்தப் படத்தையே படைப்பு என்று வைப்பவர் இரண்டு வாசல்களுக்கும் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ரவி வர்மாவின் மூல ஓவியங்கள் உங்கள் கலைக்கூடச் சேகரிப்பில் உள்ளன. மானுடவியல் பிரிவும் அதே வளாகத்தில் இருக்கிறது. இந்தத் தொடர் பேசுவது இரண்டையும்தான். தில்லியிலோ லண்டனிலோ வெள்ளைச் சுவரில் தொங்கினால் இது நல்ல கலை, அவ்வளவுதான். எழும்பூரில் தொங்கினால் எதிர்ச்சுவரில் இருப்பவர்களுக்குப் பதில் சொல்லும்.

ஒரு தயக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நகரத்துக் கலைஞர் ஒருவர் தோடர் பெண்ணாக வேடமிடுவது, பகடியாகவே இருந்தாலும், தோடர்களுக்கு எப்படிப் படும்? தர்ஸ்டன் காலத்தில் நிஜமாகவே அளக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் நீலகிரியில் வாழ்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் கண்காட்சி வைத்தால், தர்ஸ்டன் செய்ததை நாகரிகமாக இன்னொரு முறை செய்ததாகிவிடும். இந்தப் படங்களை வைக்கக் கூடாது என்பதல்ல என் கட்சி. வைக்கும் முன் அவர்களை அழையுங்கள். தர்ஸ்டன் காலத்துப் படங்களில் உங்களிடம் உள்ளவற்றையும் எடுத்துக் காட்டுங்கள். இரண்டையும் பார்த்துவிட்டு அவர்கள் சொல்வதைத் தமிழில் அச்சிட்டுப் படங்களின் பக்கத்திலேயே ஒட்டுங்கள். திட்டினால் அந்தத் திட்டும் அங்கேயே இருக்கட்டும்.

திறப்பு விழா அழைப்பிதழில் அமைச்சர்களின் பெயர் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் கூடங்களுக்கு அடிக்கடி வந்துபோகும் ஒரு பார்வையாளர்