நெஞ்சகலும் நம் சந்தா நோட்டும்

அன்புள்ள மாப்ள,

உன் குரல் செய்தியை இரண்டு முறை கேட்டேன். முழங்கால் வலியைப் பற்றி ஆறு நிமிடம், பேரனுக்குப் பெயர் வைத்த கதை ஒரு நிமிடம், கடைசியில் போகிற போக்கில் "புதுசா என்ன படிக்கிறே?" அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். பேசினால் எனக்குக் கோர்வையாக வராது, உனக்குத் தெரியும்.

இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கிற மகள் வந்துபோனாள். இந்தத் தடவை சாக்லேட் வேண்டாம், சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, புத்தகம் கொண்டு வா என்று சொல்லியிருந்தேன். அவளும் பக்கத்து ஊர் சரக்காகவே கொண்டு வந்துவிட்டாள். ஷெஃபீல்டில் 'அண்ட் அதர் ஸ்டோரீஸ்' என்று ஒரு சின்னப் பதிப்பகம். லாபத்துக்காக நடத்துவதில்லை, பெரும்பாலும் மொழிபெயர்ப்புப் புனைவுகள். 2011இல்தான் முதல் புத்தகங்களைப் போட்டிருக்கிறார்கள். அந்த முதல் வரிசையிலேயே டெபோரா லெவியின் 'ஸ்விம்மிங் ஹோம்' வந்தது. சந்தையில் போகாது என்று பெரிய இடங்கள் தள்ளிவிட்ட நாவல், அடுத்த வருடமே மேன் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் போய் உட்கார்ந்தது. நாவலாசிரியர் கமிலா ஷம்சி 2018ஐப் பெண்களை மட்டுமே பதிப்பிக்கும் ஆண்டாக்குங்களேன் என்று பதிப்பகங்களைச் சீண்டியபோது, சரி என்று செய்துகாட்டியதும் இவர்கள்தான்.

மகள் கொண்டுவந்ததில் ஒன்று மெக்சிகோ எழுத்தாளர் யூரி ஹெரேராவின் 'சீசன் ஆஃப் த ஸ்வாம்ப்', லிசா டில்மன் மொழிபெயர்ப்பு. பின்னாளில் மெக்சிகோவின் ஜனாதிபதியான பெனிட்டோ ஹுவாரெஸ் 1853இல் நாடு கடத்தப்பட்டு நியூ ஆர்லியன்ஸில் கிடந்த காலம். அந்த ஒன்றரை வருடத்தைப் பற்றி அவர் தன் கைப்பட எழுதியது ஒன்றுமில்லை என்கிற அளவுக்குத்தான். அந்த இடைவெளிக்குள் ஹெரேரா புகுந்துகொள்கிறார். சேறும் மஞ்சள் காய்ச்சலும் அடிமைச் சந்தையுமாக ஊர் நாறுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் பாதியில் வைத்துவிட்டேன். காரணம் அடுத்த புத்தகம்.

பானு முஷ்தாக்கின் 'ஹார்ட் லேம்ப்'. 2025இல் சர்வதேச புக்கர் வாங்கியதே, அதுதான். பேப்பரில் படித்திருப்பாய். 1990 முதல் 2023 வரை எழுதிய கதைகளிலிருந்து பன்னிரண்டு, கன்னடத்திலிருந்து ஆங்கிலத்தில் தீபா பஸ்தி. சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஐம்பதாயிரம் பவுண்டும் எழுதியவருக்குப் பாதி, மொழிபெயர்த்தவருக்குப் பாதி. இந்தப் பாதிக்குப் பாதி நம் ஊருக்கு எப்போது வருமோ. நான் மெய்ப்பு பார்த்த மொழிபெயர்ப்புகளில் பாதிக்கு அட்டையில் மொழிபெயர்ப்பாளர் பெயரே இருந்ததில்லை.

வெட்கமான விஷயம் ஒன்று சொல்லவா? பானு முஷ்தாக் கர்நாடகத்து ஹாசன்காரர். ஓசூரில் என் வீட்டு வாசலில் பஸ் ஏறி, பெங்களூரில் மாறினால், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹாசனில் இருக்கலாம். இருபத்தியிரண்டு வருடமாகக் கன்னடம் காதில் விழுகிற ஊரில் இருக்கிறேன், கறிக்கடையில் கன்னடத்தில் பேரம் பேசுகிறேன், அந்த அம்மாவின் கதை எனக்கு வந்து சேர்வதற்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

கதைகள் எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்றில் பாத்திரங்கள் வக்கீல் நோட்டீஸ் மாதிரி பேசுகின்றன (அவர் வக்கீலும்தான்). ஆனால் 'சிவப்பு லுங்கி' என்று ஒன்று இருக்கிறது, அதை முதலில் படி. கோடை விடுமுறை. வீடு நிறையப் பிள்ளைகள், கத்தல், தலைவலி. இந்தப் பயல்களுக்குச் சுன்னத் செய்து படுக்க வைத்தால்தான் நிம்மதி என்று வீட்டு அம்மாள் முடிவெடுக்கிறாள். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி, டாக்டர், மருந்து. ஊர் ஏழைப் பிள்ளைகளுக்கு வரிசையில் நிறுத்தி நாவிதரின் கத்தி, கையில் ஒரு சிவப்புத் துணி. யாருடைய புண் சீக்கிரம் ஆறுகிறது என்பதில்தான் கதை. சிரித்துக்கொண்டே படித்தேன், முடித்தபிறகு எதற்குச் சிரித்தோம் என்று இருந்தது. அப்புறம் கோபி மஞ்சூரியன் பைத்தியம் பிடித்த அரபி வாத்தியார் ஒருவர் வருகிறார், அவரை நீயே பார்த்துக்கொள்.

தலைப்புக் கதை மெஹ்ருனுடையது. கணவன் ஒரு நர்ஸோடு போய்விட்டான், அழுதுகொண்டு பிறந்த வீட்டுக்கு வருகிறாள், அண்ணன் தம்பிகள் மானம் பெரிது என்று அன்றைக்கே திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். ராத்திரி மண்ணெண்ணெய் டின். அதற்கு மேல் நான் சொல்லவில்லை. சல்மாவின் 'மனாமியங்கள்' நாவல் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அதுவும் 2020இல் இதே மாதிரி ஒரு சின்ன இங்கிலாந்துப் பதிப்பகம் வழியாகத்தான் போனது, டில்டட் ஆக்சிஸ், மீனா கந்தசாமி மொழிபெயர்ப்பில்.

கன்னடத்தில் அந்தக் கதைக்குப் பெயர் 'எதெய ஹணதெ'. எதெ என்றால் நெஞ்சு, அது எனக்குத் தெரியும். ஹணதெ தெரியவில்லை. கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "கார்த்திகைக்கு வாசல்ல வரிசையா வைப்பீங்களே, அது" என்றார். அகல்! லேம்ப் என்றதும் எனக்குள் ஏதோ மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மாப்ள. நெஞ்சகல் என்று தமிழில் வைத்துப் பார். எண்ணெய் தீர்ந்தால் அணைகிற, ஊதினால் அணைகிற சின்ன மண் விளக்கு. இதற்குத் தீபா பஸ்தியைக் குறை சொல்ல முடியாது, ஆங்கிலத்தில் அகலுக்கு எங்கே போவார். மற்றபடி அவர் செய்திருக்கிற காரியம் எனக்குப் பிடித்தது. கன்னட, உருது, அரபிச் சொற்களை அப்படியே விட்டிருக்கிறார், சாய்வெழுத்து கிடையாது, அடிக்குறிப்பு கிடையாது, அது ஏன் என்று கடைசியில் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார். அடிக்குறிப்பு வேண்டுமா வேண்டாமா என்று நீயும் நானும் டீக்கடையில் சண்டை போட்டு நான்கு நாள் பேசாமல் இருந்தோமே, அதில் நீ ஜெயித்துவிட்டாய் என்று வைத்துக்கொள்.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்கு வருகிறேன். பொடி எழுத்தில் பெயர்கள், பெயர்கள், பெயர்கள். சந்தாதாரர்கள். வருடத்துக்கு இரண்டு, நான்கு, ஆறு புத்தகம் என்று முன்பணம் கட்டுகிறவர்கள். அந்தப் பணமும் சேர்ந்துதான் புத்தகம் அச்சாகிறது, அதற்காக அவர்கள் பெயர் உள்ளே. யாரோ ஒரு ஷெஃபீல்டு பாட்டி, ஹாசன் என்ற ஊரைக் கேள்விப்பட்டே இராதவள், மெஹ்ருனின் அகலுக்கு எண்ணெய் ஊற்றியிருக்கிறாள். கதையைப் படித்ததைவிட அந்தப் பட்டியலை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவாயா?

நீயும் நானும் நடத்திய பத்திரிகை ஞாபகம்தான், வேறென்ன. மொத்தம் ஐந்து இதழ். ஆறு இதழுக்கு இருபது ரூபாய் சந்தா. நான்காவது இதழுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு நாம் ஒரே ஒரு இதழ் அனுப்பினோம், அதோடு சரி. சாத்தூரிலிருந்து ஒருவர் மாதம் தவறாமல் கார்டு போடுவாரே, "இதழ் கிடைக்கவில்லை, தபால் கோளாறாக இருக்கலாம்" என்று. நம்மைச் சந்தேகப்படாமல் தபாலைச் சந்தேகப்பட்ட மனிதர். ஒரு பதில் போட்டோமா? அச்சாபீஸ் கடன், உன் கல்யாணம், என் மாற்றல் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டோம். அவர் பெயரை யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை. கார்டின் மூலையில் அவர் மஞ்சள் தடவியிருப்பது மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது.

சந்தா நோட்டு உன்னிடம்தான் இருந்தது. பச்சை அட்டை, நீள நோட்டு. வீடு மாறும்போது எடைக்குப் போட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடு, திட்ட மாட்டேன். இருந்தால் சாத்தூர் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. புத்தகத்தை நாளைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பக்கத்தை மடக்கினால் உனக்கு முழங்கால் இன்னும் வலிக்கும், சொல்லிவிட்டேன்.

உன்,
ஓசூர்க்காரன்