செயலாளர் ஆண்டறிக்கை: கோல்ஃப் டிரைவர் அடியும் நமது பயிற்சி வகுப்புகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

கோல்ஃபில் பந்தைத் தாங்கும் சிறு முளையான டீயிலிருந்து அடிக்கும் பந்து போதிய தொலைவு போவதில்லை என்று சென்ற பொதுக்குழுவில் உறுப்பினர்கள் குறைபட்டுக்கொண்டதை ஏற்று, இவ்வாண்டின் பயிற்சி வகுப்புகள் முழுவதையும் தொலைதூர அடிக்கான டிரைவர் எனும் நீண்ட மட்டையின் அடிக்கே ஒதுக்கினோம். வடகிழக்குப் பருவமழையில் திடல் சேறானபோது மட்டும் வகுப்புகள் நின்றன.

முதல் வகுப்பில் பயிற்சியாளர் ஒவ்வொருவருடைய டிரைவர் முகப்பிலும் பவுடரை மெல்லப் பூசி அடிக்கச் சொன்னார். பந்து பட்ட இடத்தில் பவுடர் அழிந்து வட்டமாகத் தெரிந்த தடம், நம்மில் பெரும்பாலோருக்கு நடுவில் இல்லாமல் தண்டை ஒட்டிய ஓரத்திலேயே இருந்தது. நடுவில் பட்டால் பந்து மட்டையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் கிளம்பும். ஓரத்தில் பட்டால், எத்தனை பலங்கொண்டு வீசினாலும் அந்த வேகம் கிடைக்காது.

அடுத்த பாடம் டீயின் உயரம். பந்தின் பாதி மட்டைத் தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரியுமாறு டீயை உயர்த்தி, வலக்கை ஆட்டக்காரர் தம் இடக்குதிகாலுக்கு நேராகப் பந்தை வைத்துக்கொண்டால், மட்டை தாழ்ந்து மீண்டும் மேலேறும் வேளையில் பந்தைச் சந்திக்கிறது. பந்தும் பின்சுழற்சி குறைந்து உயர எழும்புகிறது. அமெரிக்க மகளிர் தொழில்முறைப் போட்டித் தொடரான எல்பிஜிஏவின் வீராங்கனைகள் சராசரியாக மணிக்கு சுமார் 95 மைல் மட்டை வேகத்திலேயே, ஏறத்தாழ 3 டிகிரி மேல்நோக்கி அடித்து, பந்தைத் தரை தொடாமல் சுமார் 220 கஜம் அனுப்புகிறார்கள். நமது வேகத்துக்கு, சுமார் 115 மைலில் வீசும், ஆடவர் தொழில்முறைத் தொடரான பிஜிஏவின் வீரர்களைப் பார்த்துப் பயில்வதைவிட இவர்களைப் பார்த்துப் பயில்வதே தகும் என்பது என் கருத்து.

கடினமாக இருந்தது, ஓங்கிய மட்டையைப் பந்தை நோக்கி இறக்கும் கீழ்வீச்சின் வரிசைதான். எடை முன்காலுக்கு மாற, இடுப்பு முதலிலும் மார்பு அடுத்தும் திரும்பி, கைகளும் மட்டையும் கடைசியில் வர வேண்டும். தோளை முந்தவிட்டவர்களின் மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டியதால் பந்து ஸ்லைஸாகி வலப்புறம் வளைந்தது. இக்குறை இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

கோடையில் உதகை சென்று ஆடித் திரும்பிய சிலர், தங்கள் அடி நீண்டுவிட்டதாகப் பெருமையுடன் தெரிவித்தனர். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், அந்தப் பெருமையில் ஒரு பங்கு மலைக்கும் சேர வேண்டியது.

சங்கச் செலவில் புதிய டிரைவர்கள் வாங்கும் கோரிக்கையை நிர்வாகக் குழு ஏற்கவில்லை. மட்டையின் நீளம் 48 அங்குலத்தையும், தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்பது விதி. உறுப்பினர்களின் மட்டைத் தலைகளில் பல ஏற்கெனவே அந்த அளவை எட்டியவை. அத்தொகையைப் பயிற்சியாளரின் ஊதியத்துக்கே செலவிட முடிவு செய்தோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டிலும் வகுப்புகளைத் தொடர ஒப்புதல் அளித்து, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்