தனுஷ்கோடி ஸ்டேஷனுக்கு ஒரு போர்டாவது வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். அரிச்சல்முனைக்கு 2017ல ரோடு போட்டதுல இருந்து தனுஷ்கோடிக்கு கூட்டம் அள்ளுது, ஆனா வர்றவங்கள்ல பாதி பேருக்கு அங்க இடிஞ்சு நிக்கிற சுவர் ஒரு ரயில்வே ஸ்டேஷன்னே தெரியல, ஏதோ பழைய கோட்டைன்னு நினைச்சு செல்ஃபி எடுத்துட்டு போயிடுறாங்க. 1914ல பாம்பன் பாலம் திறந்தப்புறம் எழும்பூர்ல ஏறினா போட் மெயில் நேரா இங்கதான் வந்து நிக்கும், இறங்கி கப்பல் ஏறினா தலைமன்னார், அங்கிருந்து மறுபடியும் ரயில்ல கொழும்பு. அதுக்கு முன்னாடி தூத்துக்குடி போய்தான் கப்பல் பிடிக்கணும். கஸ்டம்ஸ், போஸ்ட் ஆபீஸ், சர்ச்னு களைகட்டுன ஊரு சார் இது!

1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல எல்லாம் போச்சு. பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் வண்டியை ஊருக்கு கிட்ட வந்தப்ப அலை அப்படியே சுருட்டிருச்சு, நூத்துக்கும் மேல உசுரு. அவங்களுக்காகவாவது அந்த இடத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

2019ல ராமேஸ்வரம் - தனுஷ்கோடி புது லைனுக்கு அடிக்கல் நாட்டுனாங்க, அது வர்றது வராதது வேற பேச்சு. இப்போதைக்கு உப்புக்காத்துல உதிர்ற சுவத்துல காதலர்கள் பேரு செதுக்குறதை நிறுத்த ஒரு வேலி, தமிழ்ல வரலாறு எழுதின ஒரு போர்டு, இவ்வளவுதான் கேக்குறோம். ரயில்வேயும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து அடுத்த டிசம்பருக்குள்ள செஞ்சு தரணும்.

- ஒரு வாசகர், ராமநாதபுரம்