விலையை விட்டுவிட்டு விற்பவர் பெயரைப் பார், கண்ணு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய இரண்டு லேப்டாப் லிங்கையும் பார்த்தேன். ஒரே மாடல்தான், இரண்டாவது ஆள் நாலாயிரம் ரூபாய் கம்மி. அதையே எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். ஃபோனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால் எழுதுகிறேன். அடுத்த மாதம் நாலு பேரும் சேர்ந்து வாஷிங் மெஷின் வேறு வாங்கப் போகிறீர்கள், அதற்கும் இது ஆகும்.

அமேசான், ஃப்ளிப்கார்ட் எல்லாம் சந்தை நடத்துகிறவர்கள். உள்ளே கடை போட்டிருப்பவர் வேறு ஆள். சந்தைத் தளத்தில் விற்கும் பொருளின் வாரண்டிக்கு விற்பவரே பொறுப்பு என்று வெளிநாட்டு முதலீட்டுக்காக அரசு 2016-இல் போட்ட அறிவிப்பிலேயே இருக்கிறது. ஆகையால் பொருள் பக்கத்தில் 'சோல்ட் பை' என்று சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்தான் உனக்கு முக்கியம். 'ஃபுல்ஃபில்ட்', 'அஷ்யூர்டு' என்ற முத்திரைகளைப் பார்த்து ஏமாந்துவிடாதே. அவை கிடங்கு, சோதனை, டெலிவரி சம்பந்தப்பட்டவை, வாரண்டிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஒரே பக்கத்தில் ஐந்தாறு பேர் விற்பார்கள். காலையில் இருந்த பெயர் இரவில் மாறியிருக்கலாம், பணம் கட்டுகிற பக்கத்தில் இன்னொரு தடவை பார்த்துக்கொள்.

அடுத்து வாரண்டி வரி. அதில் 'மேனுஃபேக்சரர் வாரண்டி' என்று இருந்தால் உன் ஊரில் இருக்கும் பிராண்டு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போகலாம். 'செல்லர் வாரண்டி' என்று இருந்தால் பொருளை அந்த ஆளுக்கே அனுப்ப வேண்டும். அவர் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டால் வாரண்டியும் கூடவே போய்விடும். நீ அனுப்பிய இரண்டாவது லிங்கில் '6 மாத செல்லர் வாரண்டி' என்று இருக்கிறது. நாலாயிரம் குறைந்ததற்கு அதுதான் காரணம். 'ரீஃபர்பிஷ்டு', 'ரினியூட்' என்று, அதாவது பழையதைச் சரிசெய்து விற்பவையும் பெரும்பாலும் இந்த வகைதான். தெரிந்தே வாங்கினால் தப்பில்லை, புதுசு என்று நினைத்து வாங்கக் கூடாது.

மேனுஃபேக்சரர் வாரண்டி என்று போட்டிருந்தாலும் ஒரு ஃபோன் போட்டுவிடு. பிராண்டின் டோல் ஃப்ரீ எண்ணை பிராண்டின் சொந்தத் தளத்திலிருந்து எடு. கூகுளில் தேடினால் முதலில் வரும் எண் போலியாக இருக்கலாம். இந்த விற்பனையாளர் உங்கள் அங்கீகாரம் பெற்றவரா, இவர் பில்லை சர்வீஸ் சென்டரில் ஏற்பார்களா என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். பதிலை மெயிலில் கேட்டு வாங்கு.

விற்பவரின் ஜிஎஸ்டி எண் கிடைத்தால் அதையும் சரிபார். பதினைந்து இடம் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: கர்நாடகா 29, நமக்கு 33, டெல்லி 07. ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே 'சர்ச் டேக்ஸ்பேயர்' பகுதியில் போட்டால் பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதும் வந்துவிடும். ரத்து என்று வந்தால் அந்தக் கடைப் பக்கமே போகாதே.

வெளிநாட்டுச் சந்தைக்குப் போக வேண்டிய சரக்கு சுற்றிக்கொண்டு இங்கே வருவதும் உண்டு. பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். 2011 பொட்டல விதிகளின்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதியாளர் பெயர் முகவரி, மாதம் வருடம், வரியெல்லாம் சேர்த்த எம்ஆர்பி, புகார் எண் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். இந்த லேபிளே இல்லாமல், சார்ஜர் முள் நம் ஊர் பிளக்கில் பொருந்தாமல், கூட ஒரு கன்வெர்ட்டரும் வந்தால் அது நம் நாட்டுக்கு வந்த சரக்கே இல்லை. லேப்டாப், அடாப்டர் இரண்டிலும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறியும், ஆர் என்ற எழுத்துக்குப் பின் எட்டு இலக்கமும் இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனியின் பதிவு என்று காட்டும். லேப்டாப் அசலாக இருந்து அடாப்டர் மட்டும் போலியாக வருவதுண்டு, அதனால் இரண்டையும் பார்.

டெலிவரிக்கு வரும்போது ஓப்பன் பாக்ஸ் வசதி இருந்தால் அதையே எடு. பெட்டியைப் பிரித்துப் பார்த்த பிறகு ஓடிபி சொல், அதற்கு முன்னால் வேண்டாம். அந்த வசதி இல்லையென்றால் நீயே வீடியோ எடு. பெட்டியின் ஆறு பக்கமும், ஒட்டியிருக்கும் டேப்பும், சீரியல் நம்பர் லேபிளும் தெரிய வேண்டும். லேப்டாப்பை வெளியே எடுத்து அடியில் உள்ள நம்பரைக் காட்டி, ஆன் செய்யும்வரை ஒரே ஷாட்டாக இருக்கட்டும். நடுவில் நிறுத்தி எடுத்த வீடியோவை அவர்கள் மதிக்க மாட்டார்கள்.

பிறகு சீரியல் நம்பர். பெட்டியில், லேப்டாப்பின் அடியில், பில்லில் அச்சாகியிருந்தால் அதிலும் ஒரே நம்பராக இருக்க வேண்டும். டெல் என்றால் ஏழு எழுத்து சர்வீஸ் டேக். அதைப் பிராண்டின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பார். 'இந்தியா' என்று காட்டுகிறதா, வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கவனி. லேப்டாப்பில் பலரும் விடுவது இந்தத் தேதியைத்தான். கம்பெனியிலிருந்து விநியோகஸ்தருக்குச் சரக்கு கிளம்பிய நாளையே கணினி தொடக்கமாகப் போட்டிருக்கும். கிடங்கில் ஐந்து மாதம் கிடந்திருந்தால் உன் ஒரு வருட வாரண்டியில் ஏழு மாதம்தான் மிச்சம். பில்லை அனுப்பித் தேதியை மாற்றச் சொன்னால் மாற்றித் தருவார்கள், ஆனால் கேட்டவர்களுக்கு மட்டும்தான் மாறும். பொருள் வந்த வாரமே செய்துவிடு. பத்தாவது மாதம் மதர்போர்டு போன பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

தம்பிக்கு ஃபோன் வாங்கும்போது *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணும் (ஃபோனின் அடையாள எண்) பெட்டி, பில் எண்ணும் ஒன்றா என்று பார்க்கச் சொல். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, அப்புறம் அந்த 15 இலக்கம். இதை 14422-க்கு மெசேஜ் அனுப்பினால் ஃபோன் விவரம் வரும். எண் தடுக்கப்பட்டது என்றோ வேறு மாடல் என்றோ வந்தால் உடனே திருப்பிவிட வேண்டும்.

இனி வாஷிங் மெஷின். '10 வருட வாரண்டி' என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி விலை கொடுக்காதே. அது மோட்டாருக்கு மட்டும், அதிலும் மோட்டார் என்ற பாகத்துக்கு மட்டும். ஆள் வந்து போகிற செலவு, கழற்றி மாட்டும் கூலி எல்லாம் பெரும்பாலும் உன் தலையில்தான். மெஷினை இயக்கும் மின்னணு பலகையான பிசிபி போர்டு போனால் அந்தப் பத்து வருடம் உதவாது. முழு மெஷினுக்கும் எத்தனை வருடம் என்பதை மட்டும் ஒப்பிட்டுப் பார்.

ஃப்ரண்ட் லோடு எடுத்தால் நீங்களாகப் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். பின்பக்கம் டிரம்மைக் கட்டிப் பிடித்தபடி மூன்றோ நாலோ நீளமான டிரான்சிட் போல்ட் இருக்கும், லாரியில் டிரம் ஆடாமல் இருப்பதற்காக. அதைக் கழற்றாமல் ஓட விட்டால் ஸ்பின் வரும்போது மெஷின் அறை முழுக்க நடக்கும். டிரம்மைத் தாங்கும் சஸ்பென்ஷன் போனாலும் 'தவறாகப் பயன்படுத்தியது' என்று எழுதி வாரண்டியைத் தட்டிவிடுவார்கள். பிராண்டு ஆள் வந்து மாட்டிக் கொடுத்து இன்ஸ்டலேஷன் தாளில் தேதி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கழற்றிய போல்டுகளை ஒரு கவரில் போட்டு வை, வீடு மாறும்போது திரும்பத் தேவைப்படும். நீங்கள் இருப்பது வாடகை வீடு, அதனால் பிரச்சினை இல்லை. பிஜி, ஹாஸ்டலில் வைத்தால் வணிகப் பயன்பாடு என்று வாரண்டி மறுப்பார்கள்.

எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பணம் கட்டும் பக்கத்தில் டிக் போட்டிருந்தால் எடுத்துவிடு. பெரும்பாலும் அதைத் தருவது பிராண்டு இல்லை, மூன்றாவது கம்பெனி. வேண்டுமானால் பிராண்டு தருவதை வாரண்டி முடியுமுன் வாங்கிக்கொள்ளலாம்.

பொருள் பழுதானால் நாளைப் பார். திருப்பும் கெடுவுக்குள், அதாவது ஏழோ பத்தோ நாளுக்குள் என்றால் ஆப்பிலேயே ரீப்ளேஸ்மென்ட் கேள். சில பொருட்களுக்கு சர்வீஸ் சென்டரில் டிஓஏ கடிதம் (வரும்போதே பழுது என்ற சான்று) வாங்கி வரச் சொல்வார்கள். கெடு முடியும் நாள்வரை காத்திருக்காமல் முதல் நாளே போ. பக்கத்துக் கடைக்காரரிடம் திறந்து பார்க்கக் கொடுக்காதே, சீல் உடைந்தால் அதோடு கதை முடிந்தது. சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் (பொருளைப் பெற்றுக்கொண்டதற்கான தாள்) இல்லாமல் பொருளைக் கையிலிருந்து விடாதே. அதில் என்ன கோளாறு என்பதை நீ சொன்ன மாதிரி எழுத வேண்டும். ஸ்கிரீனில் கீறல் இருக்கிறதா இல்லையா என்பதையும் எழுதச் சொல். 'தண்ணீர் பட்டிருக்கிறது' என்று பின்னால் சொன்னால், உள்ளே நிறம் மாறிய குறியை ஃபோட்டோ எடுத்துக் காட்டச் சொல், மறுப்பதை எழுத்தில் கேள்.

விற்பவர் 'நோ ரிட்டர்ன்' என்று போட்டிருந்தாலும் பழுதான பொருளை ஏற்க மறுக்க முடியாது. 2020 இ-காமர்ஸ் விதி அப்படித்தான் சொல்கிறது. தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே பதிவான புகார் கம்பெனியின் மேலிடத்துக்குப் போகும். அதுவும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீ இருக்கும் பெங்களூரிலேயே போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனில் போடலாம், பொருளுக்கு நீ கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் லிங்கில் உள்ளதையே எடு. பில் வந்ததும் பிடிஎஃப் இறக்கி எனக்கும் மெயிலில் போடு. விற்பவர் கணக்கு மூடினால் ஆர்டர் பக்கத்தில் பில் கிடைக்காமல் போகலாம்.

அன்புடன்,
அம்மா

பி.கு: ஆஃபீஸில் யாராவது 'கம்பெனி ஜிஎஸ்டி போட்டு வாங்கு, வரி மிச்சம்' என்றால் செய்யாதே. பில் கம்பெனி பெயரில் இருந்தால் நீ நுகர்வோரே இல்லை, வணிகத்துக்கு வாங்கியது என்று ஆணையத்தில் எதிர்த்தரப்பு வாதிடும். வாஷிங் மெஷின் பில்லும் உங்கள் நாலு பேரில் பெங்களூரில் அதிக நாள் இருக்கப் போகிறவள் பெயரில் இருக்கட்டும்.