ஏழாவது வாரத்தில் இருக்கும் என் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மாப்பிள்ளை அனுப்பிய மருந்துச்சீட்டின் படத்தைப் பார்த்தேன். எஸ்ட்ரடையால் மாத்திரை, புரொஜெஸ்டிரோன் ஊசி என்ற இரண்டு வரிகளைப் படித்ததுமே நீ சொல்லாமல் விட்டது, அதாவது சோதனைக் குழாய் முறையில் உருவாக்கிய கருவை உன் கருப்பையில் வைத்திருக்கிறார்கள் என்பது, எனக்குப் புரிந்துவிட்டது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாதே, அது போதும்.

இயல்பாகக் கருத்தரிக்கும்போது, முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்துக்குள் மஞ்சள் உடலம் உருவாகிறது. கருவிலிருந்து வரும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் அதை வாட விடாமல் காக்க, அது புரொஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், ரிலாக்ஸின் ஆகியவற்றைச் சுரக்கிறது. கருப்பையின் உள்சவ்வில் புதிய இரத்தக்குழாய்களை வளரச் செய்யும் வி.இ.ஜி.எஃப். என்ற காரணி எப்போது, எவ்வளவு சுரக்க வேண்டும் என்பது பெரும்பாலும் இந்த ஹார்மோன்களின் கையில்தான் இருக்கிறது. புரொஜெஸ்டிரோன் அந்தச் சவ்வை உதிராமலும் காக்கிறது.

உனக்குக் கொடுத்திருக்கும் முறையில் முட்டை வெளியேறுவதில்லை, ஆகவே மஞ்சள் உடலமும் இல்லை. நஞ்சுக்கொடி தானே போதிய அளவு சுரக்கும்வரை அதன் வேலையை மருந்துதான் செய்கிறது. 1970-களில் சாப்போ என்ற மருத்துவர் நடத்திய ஆய்வில், ஏழாவது வாரத்துக்கு முன் மஞ்சள் உடலத்தை அகற்றியபோது கரு கலைந்தது. அகற்றிய பின் புரொஜெஸ்டிரோன் கொடுத்தபோது தங்கியது. உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அந்த ஊசி எவ்வளவு பெரிய துணை என்பதை நீ உணர வேண்டும், அதனால்தான் தவறவிடாதே என்று மறுபடியும் சொல்கிறேன்.

ஆனால் இரத்தக்குழாய்களைத் தளர்த்தும் ரிலாக்ஸின் உன் மருந்துகளில் இல்லை. மஞ்சள் உடலம் இல்லாத கர்ப்பங்களில் பின்னாளில் இரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கருவின் செல்கள் தாயின் கருப்பைக்கு இரத்தம் கொண்டுவரும் சுருள் தமனிகளுக்குள் புகுந்து, முதலில் அவற்றின் வாயை அடைத்து, பிறகு அவற்றை அகலப்படுத்துகின்றன. பத்து, பன்னிரண்டு வாரமளவில்தான் தாயின் இரத்தம் நஞ்சுக்கொடிக்குத் தாராளமாகப் பாய்கிறது. அந்த அகலம் போதாமல் போனால்தான் பல நேரம் அழுத்தம் பின்னர் தலைகாட்டுகிறது. உன்னைச் சுமந்தபோது எனக்கும் இரத்த அழுத்தம் ஏறியது உனக்குத் தெரியும். அதை மருத்துவரிடம் சொன்னாயா? தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வாய்ப்பு கூடும். குறைந்த அளவு ஆஸ்பிரின் உனக்குத் தேவையா என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். தேவையென்றால் 16 வாரத்துக்குள் தொடங்குவதே நல்லது.

தனியாக நின்று இத்தனை ஊசிகளையும் தாங்குகிற உன் துணிவைக் கண்டு எனக்குப் பெருமை. ஆனாலும் இதை மாப்பிள்ளையின் படத்திலிருந்து நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததே என்ற வருத்தமும் இருக்கிறது.

குமட்டல் குறைந்ததா? குறைந்தாலும் மருந்தை நீயாக நிறுத்திவிடாதே. எப்போது குறைப்பது என்பதை மருத்துவரே சொல்லட்டும். அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது என்னுடைய இரத்த அழுத்த விவரத்தைச் சொல்லிவிட்டு, சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அம்மா