தம்பலகாமத்தின் முகங்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையின் பழைய படங்கள் எங்கே வெளிவந்தாலும் தேடிப் பார்ப்பவள் நான். கோணேசர் மலை, பிரெட்றிக் கோட்டை, துறைமுகத்தில் பிரித்தானியரின் போர்க்கப்பல்கள், 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு போட்ட எண்ணெய்க் குதங்கள் என்று திரும்பத் திரும்ப இவையே வருகின்றன. இந்த நகரத்துக்குச் சோறு போட்ட தம்பலகாமத்து வயல்வெளியை ஒரு படத்திலாவது கண்டதில்லை. கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் ஊர் இது. 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது மறைத்துக் காக்கப்பட்ட திருவுருவங்கள் இங்குதான் வந்து சேர்ந்தன என்று வழிவழியாகச் சொல்கிறோம். அப்படிப்பட்ட ஊருக்குப் படத்தில் முகமில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. அத்தையின் கல்யாணத்துக்கு வந்த படப்பிடிப்பாளரை அப்பப்பா வயலுக்கு அழைத்துப்போய் எடுப்பித்தது. எருமைக் கடாக்கள் சூடு மிதிக்கின்றன, அதாவது அறுத்த கதிரை மிதித்து மணியைப் பிரிக்கின்றன. களத்தின் நடுவில் பொலி குவிந்திருக்கிறது. (களத்தில் நின்று அதை நெல் என்று சொன்னால் அப்பப்பாவுக்குக் கோபம் வரும்.) படத்தின் பின்னால் எதுவும் எழுதவில்லை. ஆனால் தூரத்தில் தலை முறிந்த தென்னைகள் நிற்பதால், 1964 டிசம்பர்ப் புயலுக்குப் பிந்திய பெரும்போகம் என்று தெரிகிறது. ஏழு ஆண்களில் ஐந்து பேரை அம்மா அடையாளம் சொன்னார். அவர்களில் ஒருவர் பக்கத்து வயல்காரரான முஸ்லிம் பெரியவர். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர். மற்ற இருவரையும் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். அம்மா போய்விட்டார்.

1990 இல் ஊரைவிட்டு ஓடியபோது கைக்குழந்தையையும் அடையாள அட்டையையும் எடுத்தவர்கள் அல்பத்தை எடுக்கவில்லை. எங்கள் படம் தப்பியது, அதன் பிரதி ஒன்று நகரத்தில் அத்தையிடம் இருந்ததால்தான். இப்படி எத்தனையோ படங்கள் கொழும்பிலும் கனடாவிலும் உறவினர் வீட்டு அலுமாரிகளில் கிடக்கும். 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்த பிறகு எடுத்த படங்களும் யாரிடமாவது இருக்கும்.

கறுப்பு வெள்ளைப் படங்களாவது தாக்குப்பிடிக்கின்றன. எண்பதுகளில் எடுத்த வர்ணப் படங்கள் சிவந்து வெளிறிப் போகின்றன. ஒட்டும் தாள் அல்பத்திலிருந்து அவற்றைப் பிய்த்து எடுக்காமல், அப்படியே பகல் வெளிச்சத்தில் வைத்துக் கைபேசியில் படம்பிடியுங்கள். பெயர்களை இடமிருந்து வலமாகத் தனித்தாளில் எழுதுங்கள். பேனையால் படத்தின் முதுகில் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். ஆண்டு தெரியாவிட்டால் எந்தப் போகம், யார் வட்டவிதானையாக (வயல்களுக்கு நீர் பங்கிடுவதைக் கவனிப்பவராக) இருந்த காலம் என்று கேட்டால் வயோதிபர்கள் சொல்லிவிடுவார்கள். ‘நூலகம்’ நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்து வைக்கிறது. எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்த் திரட்டினால், அங்கே ஒப்படைக்கவும் வழியுண்டு.

தங்களிடம் நான் கேட்பது வாரத்துக்குக் கால் பக்கம். கோயிலும் கோட்டையும் வேண்டாம். கதிர் அறுத்தவர், 1927 இல் வந்த ரயில் பாதையில் நெல் மூட்டை ஏற்றியவர், வாய்க்கால் வெட்டியவர், அவர்களின் பெண்டு பிள்ளைகள் ஆகியோரின் படங்களைப் பெயரோடு போடுங்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் அனுப்பட்டும்.

முதற்படமாக எங்களுடையதை இத்துடன் அனுப்புகிறேன். களத்துக்குள் பெண்கள் வரக்கூடாது என்பது அந்நாள் வழக்கம். அதனால் தலையில் சோற்றுப் பெட்டியுடன் ஒரு பெண் வரம்பிலேயே நிற்கிறார். அவர் யார் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து தங்களுக்கு எழுதட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
தம்பலகாமம்.