டகோட்டா வகுப்பை விடாதே

வெள்ளவத்தை,
ஆகஸ்ட்.

அன்பு மகளுக்கு,

அமெரிக்காவில் உன் கம்பஸிலிருந்து, மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மொரிஸ் வளாகத்திலிருந்து, பெற்றோருக்கு வந்த கடிதத்தை நீ அனுப்பியிருந்தாய். சந்தோஷம். அதற்குக் கீழே நீயாக எழுதியிருந்த வரிகள்தான் எனக்கு ஒத்துவரவில்லை. அந்த மண்ணின் பழங்குடிச் சனம் பேசுகிற டகோட்டா மொழி வகுப்பை இந்த செமஸ்டரிலிருந்து விடப் போகிறாயாம், அந்த நேரத்துக்குக் கணக்கியல் எடுப்பாயாம், இன்னும் கொஞ்சம் மணித்தியாலம் வேலை கேட்பாயாம். போனில் சொன்னால் "சரி சரி அம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடிதம். எந்தக் கம்பஸும் தன் கடிதத்தில் தன்னைப் புகழத்தான் செய்யும். ஆகஸ்ட் கடைசியில் வகுப்புத் தொடங்குகிறது, புதுப் பிள்ளைகளுக்கு இன்ன ஒழுங்கு, இன்ன திட்டம் என்பதையெல்லாம் விறுவிறென்று தாண்டிவிட்டேன். ஆனால் முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவளுக்குச் சில இடங்களில் கண் நின்றுவிடும். காற்றாலை என்றால் நிற்கும். உரம் என்றால் இன்னும் நிற்கும்.

உங்கள் வளாகத்தை ஒட்டியிருக்கிற பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பண்ணையில் 2013இலிருந்து காற்று மின்சாரத்தைக் கொண்டு அமோனியா செய்து பார்க்கிறார்கள் என்று நீ முன்பு சொன்னது நினைவிருக்கிறதா? வழக்கமாக அமோனியா செய்ய இயற்கை வாயு வேண்டும். அங்கே தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள், காற்றிலிருந்து நைதரசன் எடுக்கிறார்கள், இரண்டையும் சேர்க்கிறார்கள். அதுவே சோள வயலுக்கு உரம். இதை நான் பரந்தன் மாமாவுக்குச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்களே, நவம்பரில் தடையை எடுத்தபோது காலபோகத்துக்கு நேரம் போய்விட்டது. யூரியா இல்லாமல் வெளிறிப்போன பயிரைப் பார்த்தவருக்கு இது சும்மா விஞ்ஞானக் கதை இல்லை. "அந்த மெஷின் எவ்வளவு வரும் என்று பிள்ளையிடம் கேள்" என்றார். கேட்டுச் சொல்லு. பகிடி இல்லை, அவர் உண்மையாகவே கேட்கிறார்.

வளாகத்துக்கு மேலே சுற்றுகிற அந்த இரண்டு காற்றாலைகளைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். ஒன்று 2005இல் வந்தது, மற்றது 2011இல். ஒவ்வொன்றும் 1.65 மெகாவாட். வருடக் கணக்கில் பார்த்தால் வளாகம் பாவிக்கிற அளவுக்கு மின்சாரத்தைத் தாங்களே உற்பத்தி செய்கிறார்களாம். காற்றில்லாத நாளில் வெளியிலிருந்து வாங்கத்தான் வேண்டும், அதைக் கடிதத்தில் பெரிதாகப் போடமாட்டார்கள். எனக்கு மன்னார்தான் ஞாபகம் வந்தது. தம்பபவனியில் 30 காற்றாலை, 103.5 மெகாவாட், 2020இலிருந்து ஓடுகிறது. அளவில் உங்களுடையது பக்கத்திலும் வராது. ஆனால் மன்னார்ச் சனம் வீதியில் நின்று கேட்கிற கேள்வி வேறு: எங்கள் கரையில் நடுகிறீர்கள், இதில் எங்களுக்கு என்ன? உங்கள் இடத்தில் காற்றாலை கம்பஸின் சொத்து, பிள்ளைகள் அதை வைத்தே படிக்கிறார்கள். சிறியதாக இருந்தாலும் யாருடையது என்பதில் குழப்பம் இல்லை.

இவ்வளவும் நல்ல சாதனைதான். ஆனால் நான் அயலில் பெருமையாகச் சொல்கிறது இதையில்லை, அந்த 1909ஐ.

உன் கம்பஸ் நிற்கிற நிலத்தில் 1887இல் கன்னியாஸ்திரிகள் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள், பிறகு அதை அரசாங்கமே எடுத்து நடத்தியது. அந்தக் காலத்து அப்படியான பள்ளிகளின் நோக்கம், பிள்ளை தன் மொழியையும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும் என்பதுதான். அங்கே இறந்துபோன பிள்ளைகளும் உண்டு. 1909இல் பள்ளியை மூடி, நிலத்தை மாநிலத்துக்குக் கொடுத்தபோது ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இங்கே எந்தக் கல்விக்கூடம் நடந்தாலும் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை, மற்றவர்களுக்குச் சமமாக அவர்களைச் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகு அது விவசாயப் பள்ளியானது, 1960இல் பல்கலைக்கழகமானது. நிபந்தனை மட்டும் மாறவில்லை. கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரியிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. கருணையில் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை, எழுதிக் கையெழுத்து வைத்ததால் செய்கிறார்கள். எழுதிக் கையெழுத்து வைத்த ஒப்பந்தங்கள் இலங்கையில் என்ன பாடு பட்டன என்று உனக்கு நான் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. ஒப்பந்தம் ஒன்று நூறு வருடம் தாண்டியும் செல்லுபடியாக இருக்கிறது என்றால் எனக்கு அதுவே அதிசயம்.

நீ வேலை செய்கிற பல்லினப் பிள்ளைகள் நிலையக் கட்டடம்கூட அந்தப் பழைய பள்ளியின் ஆண்பிள்ளைகள் விடுதிதானே. 1899இல் கட்டியது, அந்தப் பள்ளியில் மிஞ்சி நிற்கிற ஒரே கட்டடம். ஒரு காலத்தில் மொழியை மறக்கச் சொன்ன அதே வளாகத்தில் இன்று டகோட்டாவும் இன்னொரு பழங்குடி மொழியான அனிஷினாபேயும் பாடமாகப் படிப்பிக்கிறார்கள். 1862இல் அமெரிக்க அரசோடு டகோட்டாச் சனம் செய்த போருக்குப் பிறகு, அதே மாநிலத்து மங்கேட்டோ நகரில் ஒரே நாளில் 38 டகோட்டா ஆண்களைத் தூக்கிலிட்டு, மிச்சச் சனத்தை மாநிலத்தைவிட்டே விரட்டினார்கள். அவர்களுடைய மொழியை அந்த மண்ணிலேயே இருந்து படிக்க வாய்த்திருக்கிறது உனக்கு. முதல் நிலையை முடித்தும்விட்டாய். இப்போது விட்டால் ஆறு மாதத்தில் மறந்துபோகும். கணக்கியலை நீ வெள்ளவத்தையில்கூடப் படிக்கலாம், காலி வீதியில் இரண்டு கடைக்கு ஒரு வகுப்பு இருக்கிறது.

உன்னைக் குழப்பியது யாரென்று எனக்குத் தெரியும். பெரியம்மா வாட்ஸ்அப்பில் "சுற்றாடலும் ஆதிவாசி பாஷையும் படிச்சு என்ன வேலை?" என்று கேட்டிருப்பா. அவவைக் குறை சொல்லமாட்டேன். இங்கே ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை றிசல்ட்ஸ் வந்த கையோடு பயோவா, மத்ஸா, கொமர்ஸா, ஆர்ட்ஸா என்று கதவைப் பூட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஏ.எல். (உயர்தரப்) பரீட்சையில் தகுதி பெற்றவர்களிலும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம். நாற்பது வீதம் திறமை அடிப்படையில், ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட அடிப்படையில். கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளி உன்னை எங்கே விட்டது என்று தெரியும்தானே. எழுபதுகளில் பல்கலைக்கழகம் புகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தல் காலத்தில் பெரியப்பா பட்டதையும் பெரியம்மா மறக்கவில்லை. அந்தப் பயத்தில் வளர்ந்தவர்களுக்கு, விஞ்ஞானப் பிள்ளை ஒன்று மொழியும் படிக்கலாம் என்பது ஊதாரித்தனமாகத்தான் தெரியும். நீ போனதே அப்படிப் படிக்கக்கூடிய இடம் என்பதற்காக. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்றால் அமெரிக்காவில் பெரும்பாலும் தனியார், காசுக்காரர் போகிற இடம். அரச செலவில் அதே படிப்பைக் கொடுக்கிற கல்லூரிகள் சேர்ந்து 1987இல் ஒரு கூட்டமைப்பே வைத்தார்கள், அதிலே உள்ளது முப்பது வரையில்தான். ஆயிரம் பேரளவில் படிக்கிற, பட்டப் பின்படிப்பே இல்லாத இடம் என்பதால்தான் உன் பேராசிரியர் உன்னையே ஆய்வுக்குக் கூட்டிப்போகிறார். பெரிய கம்பஸில் அந்த இடம் பீ.எச்.டி. செய்கிறவருக்குப் போயிருக்கும்.

வேலைக்கு உதவுகிற பாடம் ஒன்று வேண்டுமென்றால் புள்ளிவிபரவியல் எடு. காற்றாலைத் தரவோடு உட்காருகிறவளுக்கு அது எப்படியும் வேண்டும். டகோட்டாவும் அதுவும் ஒரே செமஸ்டரில் ஓடும், நேர அட்டவணையைப் பார்த்துவிட்டேன்.

வேலை நேரத்தைக் கூட்டாதே. மாணவ விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, நீ இப்போதே அதற்குக் கிட்ட நிற்கிறாய். காசு போதவில்லையென்றால் சொல்லு. டொலர் 200இலிருந்து 360க்குப் பாய்ந்த 2022இலேயே சமாளித்தோம், இப்போது சமாளிக்கமாட்டோமா? அப்பா முகத்தைச் சுளிப்பார், அவ்வளவுதான். பூட்ஸ் மட்டும் ஒக்டோபருக்கு முதல் வாங்கு, பனி விழுந்த பிறகு மினியாபோலிஸ் வரைக்கும் மூன்று மணித்தியாலம் போய் வாங்க யாரையும் கெஞ்சாதே.

இங்கே எல்லாரும் சுகம். ஆடிவேலுக்கு சித்தி வீட்டுக்காரர் எல்லாம் வந்து நின்றார்கள், வீடு இரண்டு நாள் அமர்க்களம். அம்மம்மாவின் முழங்கால் பரவாயில்லை.

ஞாயிறு இரவு எட்டரைக்கு எடு, உனக்குக் காலை பத்து மணியாக இருக்கும். அதற்குள் டகோட்டா வகுப்புக்குத் திரும்பப் பெயர் கொடுத்திருந்தால் நல்லது. மாமாவின் மெஷின் விலையையும் விசாரித்து வை, அவரும் அன்றைக்கு இங்கேதான் நிற்பார்.

அன்புடன்,
அம்மா